பாசியில் கரண்ட் வருமா? வரும். எவ்வளவு வரும் என்பதுதான் விஷயம்!

(இந்த மின்னிதழின் ஒலிப் பகுதிக்காகப் பதிவு செய்யப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்தப் பகுதியில சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், ஸ்மார்ட் கார்டு திருத்தம் என்று ஏதாவது ஒரு சேவையைப் பற்றிப் பேசுவோம். இன்று கொஞ்சம் மாற்றி, ஒரு அறிவியல் விஷயம். ஏன் இங்கே அறிவியல் என்று கேட்கிறீர்களா? இந்த விஷயம் ஏற்கெனவே உங்கள் கைபேசிக்கு வந்திருக்கலாம். ஃபார்வர்டு ஆகி, ஃபார்வர்டு ஆகி, யார் அனுப்பினார்கள் என்றே தெரியாமல்.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. விழுப்புரம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். கரண்ட் போனால் மோட்டார் தையல் மிஷின் நின்றுவிடும், அன்றைய சம்பாத்தியமும் நின்றுவிடும். அவருக்கு வந்த வீடியோவில், ஒரு சின்ன டப்பாவுக்குள் பச்சைத் தண்ணீர். அதிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சிப் ஆறு மாதம் ஓடியதாகச் சொல்கிறார்கள். அடுத்த காட்சியில் ஒரு பெரிய பச்சைத் தொட்டி, பக்கத்தில் ஒரு பல்பு எரிகிறது. "வீட்டுக்கு ஒரு பாசித் தொட்டி, இனி கரண்ட் பில்லே இல்லை. முன்பதிவுக்கு 4,999 ரூபாய்." கீழே ஒரு க்யூஆர் கோடு.

சித்தப்பா ஸ்கேன் செய்துவிட்டார். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண் அணைந்துபோன பிறகுதான் எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, நீ இந்த மாதிரி விஷயமெல்லாம் எழுதுறவதானே... பாசியில கரண்ட் வரும்ங்கிறது பொய்யா?"

நான் சொன்ன பதில் அவரை இன்னும் குழப்பிவிட்டது. "பொய் இல்ல சித்தப்பா. அந்த வீடியோவுல முதல் பாதி முழுக்க நிஜம்."

அந்த முதல் பாதி என்ன, இரண்டாம் பாதி எங்கே ஏமாற்றுகிறது, இதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

எந்தப் பாசி?

தமிழில் பாசி என்றால் பல பொருள். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் வழுக்குவதும் பாசி, மழைக்காலத்தில் மதில் சுவரில் படர்வதும் பாசி, குளத்தில் மிதப்பதும் பாசி. இன்று நாம் பேசப்போவது கண்ணுக்குத் தனியாகத் தெரியாத, ஒற்றை செல் உயிர்களைப் பற்றி. அதில் முக்கியமானது நீலப்பச்சைப் பாசி. அறிவியலில் சயனோபாக்டீரியா என்பார்கள். கறாராகச் சொன்னால் அது ஒரு வகை பாக்டீரியா. ஆனால் செடியைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்யும்.

விவசாயிகளுக்கு இது புதிதல்ல. நெல் வயலில் உயிர் உரமாகப் போடுவது இதன் உறவுக்காரனைத்தான். அசோலா இலைக்குள் குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதும் ஒரு நீலப்பச்சைப் பாசிதான். மருந்துக் கடையில் மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாவும் அதே குடும்பம். அவ்வளவு ஏன், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்க்கத் தொடங்கியதே இந்தக் கூட்டம்தான். நாம் இப்போது மூச்சு விடுவதற்கு ஒரு வகையில் இவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது?

பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். வெளிச்சம் பட்டதும் பாசி தண்ணீரை உடைக்கிறது. ஆக்சிஜன் வெளியே போகிறது. அதோடு எலெக்ட்ரான்களும் கிடைக்கின்றன. அந்த எலெக்ட்ரான்களைச் செல்லுக்குள்ளேயே கைமாற்றி, கைமாற்றி, கடைசியில் கார்பன் டை ஆக்சைடிலிருந்து தனக்கான சாப்பாட்டைச் செய்துகொள்கிறது.

மின்சாரம் என்பதும் எலெக்ட்ரான்கள் ஓடுவதுதானே? அப்படியென்றால், பாசி கைமாற்றும் எலெக்ட்ரான்களில் கொஞ்சத்தை வெளியே எடுத்து ஒரு கம்பி வழியாக ஓடவிட்டால்?

இதுதான் அடிப்படை யோசனை. பாசி இருக்கும் தண்ணீரில் ஒரு மின்வாய். செல்லிலிருந்து கசிகிற எலெக்ட்ரான்களை அது வாங்கிக்கொள்ளும். கம்பி வழியாக அவை இன்னொரு மின்வாய்க்குப் போகும். அங்கே காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி தண்ணீராகும். வழியில் ஒரு சின்னக் கருவியை வைத்தால் அது வேலை செய்யும். பாசியைக் கொல்ல வேண்டாம், எரிக்க வேண்டாம், எண்ணெய் பிழிய வேண்டாம். அது உயிரோடு இருக்கும் வரைக்கும் கரண்ட் வரும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 2013இல் ஒரு வீடு கட்டினார்கள். அதன் சுவரில் 129 கண்ணாடிப் பலகைகள், அதற்குள் பாசித் தண்ணீர். 'பாசியில் இயங்கும் வீடு' என்று அதன் படமும் அடிக்கடி சுற்றி வரும். ஆனால் அந்தச் சுவர் தருவது வெப்பத்தையும் பாசி அறுவடையையும்தான். பாசியிலிருந்து நேரடியாகக் கம்பியில் கரண்ட் எடுப்பது வேறு தொழில்நுட்பம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஜன்னலோரத்தில் ஒரு டப்பா

உயிர்களிலிருந்து மின்சாரம் என்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஆசை. 1911இலேயே இங்கிலாந்தில் எம்.சி. பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர், ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிதைக்கும்போது சின்ன மின்னழுத்தம் வருவதைக் காட்டினார். இட்லி மாவைப் பொங்க வைப்பது போன்ற நுண்ணுயிர் வேலையில் கரண்டும் ஒளிந்திருக்கிறது என்று முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

சித்தப்பா வீடியோவில் பார்த்த முதல் பாதி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பேராசிரியர் கிறிஸ்டோபர் ஹோ, ஆய்வாளர் பாவ்லோ பொம்பெல்லி ஆகியோரின் குழு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி அளவில் ஒரு டப்பா. அலுமினியமும் ஒளி புகும் பிளாஸ்டிக்கும் வைத்துச் செய்தது. உள்ளே 'சினெகோசிஸ்டிஸ்' என்ற நீலப்பச்சைப் பாசி. ஆய்வுக்கூடங்களில் ரொம்பப் பிரபலமான பாசி அது. 1996இல் ஜப்பானில் இதன் மரபணுத் தொகுப்பை முழுவதும் படித்துவிட்டார்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் முதன்முதலில் அப்படிப் படிக்கப்பட்டது இதுதான்.

2021, கொரோனா ஊரடங்குக் காலம். அந்த டப்பாவை பொம்பெல்லி வீட்டு ஜன்னலோரத்தில் வைத்தார்கள். தனி விளக்கு கிடையாது, ஏசி கிடையாது. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் மட்டும். அதோடு ஒரு மைக்ரோபிராசஸர் சிப்பை இணைத்தார்கள். சின்னச் சின்ன ஸ்மார்ட் கருவிகளுக்குள் இருக்கும் ஆர்ம் கார்டெக்ஸ் வகைச் சிப். 45 நிமிடம் எண்களைக் கூட்டிக்கொண்டே இருக்கும், 15 நிமிடம் ஓய்வு. மறுபடி 45, மறுபடி 15.

சில வாரத்தில் நின்றுவிடும் என்றுதான் குழுவே நினைத்திருந்தது. நிற்கவில்லை. பிப்ரவரியில் வைத்தது ஆகஸ்டிலும் ஓடியது. ராத்திரியிலும் ஓடியது. ஏனென்றால் பகலில் சேர்த்து வைத்த சாப்பாட்டைப் பாசி இரவில் செலவழிக்கும்போதும் கொஞ்சம் எலெக்ட்ரான் வெளியே வரும். 2022 மே மாதம் இந்த ஆய்வு வெளியானது.

இது வரைக்கும் வீடியோ சொன்னது சரி. கைதட்ட வேண்டிய விஷயம்தான்.

வீடியோ சொல்லாத கணக்கு

அந்தச் சிப் வேலை செய்யத் தேவைப்பட்ட மின்சாரம் 0.3 மைக்ரோவாட். ஒரு வாட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவாட். அந்த ஒரு பங்கிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. இதை நம் வீட்டுக் கணக்குக்குக் கொண்டு வருவோமா?

இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, அந்தப் போன். 5,000 எம்ஏஎச் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு கரண்டில் ஒரு தடவை முழுசாக சார்ஜ் ஏற 7,000 வருடத்துக்கு மேல் ஆகும். சோழர் காலத்தில் சொருகியிருந்தாலும் இன்னும் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்காது!

இன்னொரு கணக்கு. நம் வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் இருக்கிறதல்லவா? அதில் ஒரே ஒரு யூனிட்டை அந்த டப்பாவின் வேகத்தில் சேர்க்க ஏறக்குறைய 3,80,000 வருடம் வேண்டும்.

"சரி, டப்பா சின்னது. பெரிய தொட்டி கட்டினால்?" சித்தப்பாவும் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. இதே கேம்பிரிட்ஜில் 2018இல் ஒரு புதிய அமைப்பைக் காட்டினார்கள். எலெக்ட்ரான் உருவாகும் அறை தனி, அதைக் கரண்டாக மாற்றும் அறை தனி. அதில் சதுர மீட்டருக்கு 0.5 வாட் என்ற அளவை எட்டினார்கள். அதற்கு முன் அவர்கள் செய்த மாதிரியைவிட இது ஐந்து மடங்கு. ஆய்வுக்கூடத்தில், மிகச் சின்னக் கருவியில் கிடைத்த அளவு அது. ஒரு பேச்சுக்கு, அதை அப்படியே தொட்டி அளவுக்குப் பெருக்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம். 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்று சுற்ற 150 சதுர மீட்டர் வேண்டும். அதாவது 1,600 சதுர அடி. ஒரு கிரவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. வீடு கட்டும் இடம் முழுவதும் பாசி வளர்த்தால் ஒரு ஃபேன் ஓடும். வீட்டைத்தான் எங்கே கட்டுவது என்று தெரியாது.

அதே 75 வாட்டுக்கு, நல்ல வெயிலில் ஒரு சோலார் பேனலில் ஐந்து சதுர அடி போதும்.

வீடியோ பொய் சொன்னது இந்த இடத்தில்தான். சிப் ஓடியது உண்மை. சிப் ஓடினால் வீடும் ஓடும் என்று நம்மை நினைக்க வைத்தது பொய்.

எரிந்த பல்பு எப்படி எரிந்தது?

சித்தப்பா விடவில்லை. "ஆனா அந்தத் தொட்டி பக்கத்துல பல்பு எரிஞ்சுதே, என் கண்ணால பார்த்தேனே!"

எலுமிச்சம்பழத்தில் ஒரு செப்புக் கம்பியும் ஒரு துத்தநாக ஆணியும் குத்தினால் கரண்ட் வரும். ஸ்கூல் கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கரண்ட் தருவது எலுமிச்சம்பழம் இல்லை. துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் வருவது. பழச்சாறு நடுவில் பாலம் மாதிரி மட்டும்தான். அதே மாதிரி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகத் தகடுகளை வைத்து, நாலைந்து பாத்திரத்தை வரிசையாக இணைத்தால் சின்ன எல்இடி எரியும். பாசி சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். உலோகம் கரைந்து முடிந்தால் எல்லாம் முடிந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பாசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அப்போதும் எல்இடி எரிந்தால், கரண்ட் பாசியிலிருந்து வரவில்லை. மேலே கருப்புத் துணி போட்டு மூடிப் பார்க்கிறேன் என்றால் போதாது. உண்மையான பாசியும் இருட்டில் கொஞ்ச நேரம் கரண்ட் தரும் என்று முன்பே பார்த்தோமே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. கேம்பிரிட்ஜ் டப்பாவிலும் அலுமினியம் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கரண்டில் அலுமினியம் கரைவதன் பங்கு என்ன என்ற கேள்வி வருமே? வரும். அந்தக் கேள்வியை எழுப்பியதே அந்த ஆய்வாளர்கள்தான். பாசி நேரடியாக எலெக்ட்ரானைக் கொடுக்கலாம், அல்லது அலுமினியம் தொடர்ந்து வேலை செய்யத் தோதான சூழலைப் பாசி உண்டாக்கித் தரலாம் என்று இரண்டு வழிகளையும் தங்கள் கட்டுரையிலேயே விவாதித்திருக்கிறார்கள். தன் கண்டுபிடிப்பின் பலவீனத்தைத் தானே சொல்கிறவர் ஆய்வாளர். அதை மறைத்துவிட்டு க்யூஆர் கோடு காட்டுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அப்போ இதுக்கு என்னதான் பயன்?

"இவ்வளவு குறைச்சலா வந்தா எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் பெரிய கரண்டில் இல்லை, சின்னக் கருவிகளில் இருக்கிறது.

மண்ணில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் சென்சார், ஆற்றில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார், காட்டுக்குள் வெப்பநிலையைக் குறிக்கும் கருவி. இவை பெரும்பாலான நேரம் தூங்கும். அவ்வப்போது விழித்து ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளும். இவற்றுக்கு மைக்ரோவாட்டிலிருந்து மில்லிவாட் வரை போதும். இப்படி இணையத்தோடு பேசும் கருவிகள் உலகம் முழுவதும் இப்போதே பல நூறு கோடி. 2035க்குள் ஒரு லட்சம் கோடியைத் தொடலாம் என்ற மதிப்பீட்டைத்தான் கேம்பிரிட்ஜ் குழு தன் ஆய்வுக்குக் காரணமாகச் சொல்கிறது. அத்தனைக்கும் பேட்டரி செய்ய லித்தியம் எங்கே? தீர்ந்த பேட்டரிகளைக் கொட்ட இடம் எங்கே? நடுக்காட்டில் இருக்கும் சென்சாருக்குப் போய் பேட்டரி மாற்றுவது யார்? வெளிச்சமும் தண்ணீரும் இருந்தால் தானே வளர்ந்து தானே ஓடும் ஒரு சின்ன மின்மூலம் அங்கே பெரிய உதவி.

அதனால் பல இடங்களில் இந்த வேலை தொடர்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கேம்பிரிட்ஜ் குழுவோடும் ஒரு கலைக் கல்லூரியோடும் சேர்ந்து, 2017இல் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரால் நீலப்பச்சைப் பாசியைக் காகிதத்தில் அச்சிட்டுக் கரண்ட் எடுத்துக் காட்டினார்கள். கேம்பிரிட்ஜில் 2022இல், பாசி குடியிருக்க அடுக்குமாடிக் கட்டடம் போல நுண்ணிய மின்வாய்களை 3டி பிரிண்ட் செய்தார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள கான்கார்டியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் முத்துக்குமரன் பக்கிரிசாமியின் குழு கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியை வைத்து நுண் மின்கலம் செய்கிறது. 2024இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு கலத்திலிருந்து 1 வோல்ட் வரை கிடைத்தது. இங்கேயும் வோல்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வோல்ட் இருந்தாலும் ஆம்பியர் மிகக் குறைவு. குழாயில் அழுத்தம் இருக்கிறது, ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

இப்போது நம் வழக்கமான சேவைப் பகுதிக்கு வந்துவிடுவோம்.

வீட்டுக்குப் பசுமை மின்சாரம் வேண்டும் என்பது நல்ல ஆசை. அதற்கு இன்று கையில் இருக்கும் வழி மாடிச் சோலார். ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம் உண்டு. திட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தையும் அங்கே பதிவு பெற்றவர்களின் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மின் இணைப்பு தொடர்பான சந்தேகங்களுக்கு மின்னகம் எண் 94987 94987.

யாராவது புது மாதிரிக் கரண்ட் கருவி விற்க வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வரும்? எழுத்தில் கொடுங்கள்." யூனிட்டில் பதில் சொல்லாமல் வோல்ட்டைப் பற்றியும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் மட்டும் பேசினால், பணத்தை எடுக்காதீர்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பொருள் வாங்கி ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீடியோ, க்யூஆர் கோடு, பணம் போன ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வயசுல ஏமாந்துட்டோமே" என்று வெட்கப்பட்டு மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். அந்த மூன்று வாரம் மோசடி செய்தவனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

வீட்டில் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யட்டும். ஒரு கண்ணாடிப் பாட்டில், கொஞ்சம் பச்சைத் தண்ணீர், ஒரு மல்டிமீட்டர். இரண்டு மின்வாயும் ஒரே பொருளாக இருக்கட்டும். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் போதும். பாசி இருக்கும்போது, இல்லாதபோது, வெயிலில், நிழலில் என்று அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வருவது மிகக் குறைவாகத்தான் இருக்கும். பரவாயில்லை. பாட்டிலின் வாயை மட்டும் மெல்லிய துணியால் கட்டி வையுங்கள், இல்லையென்றால் கரண்டுக்கு முன்னால் டெங்கு கொசு வந்துவிடும்.

கடைசியாக

சித்தப்பாவின் 4,999 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம். போன வாரம் ஊருக்குப் போனபோது, கடை ஜன்னலில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பச்சைத் தண்ணீர் வைத்திருந்தார். வாயில் சட்டைத் துணித் துண்டு கட்டியிருந்தது. பக்கத்தில் எலெக்ட்ரீஷியனிடம் கடன் வாங்கிய மல்டிமீட்டர்.

"எவ்ளோ வருது சித்தப்பா?"

"ஒண்ணும் பெருசா இல்லம்மா. ஆனா காலையில வெயில் பட்டா முள்ளு லேசா நகருது, பாத்தியா?"

பார்த்தேன். லேசாக நகர்ந்தது. அது பாசியா, வெயில் சூடா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. "வெறும் தண்ணியையும் இன்னொரு பாட்டில்ல வச்சு அளந்து பாக்கணும்ல?" என்று அவரே கேட்டார்.

அந்தக் கேள்வி அவருக்கு வந்துவிட்டது. அடுத்த வீடியோ வரும்போது உங்களுக்கும் வரட்டும். இந்தப் பேச்சை உங்கள் குடும்பக் குழுவில் ஃபார்வர்டு செய்யுங்கள்.